பினாயில் ஊற்றிக் கழுவிய நிவாரணம்

அரசாங்கம் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கவிருந்த வெள்ள நிவாரணத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவித் தெருவில் தள்ளியவள் நான். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வசந்தா அக்கா சொல்லிவிடுவாள். அவள் சொல்லச் சொல்ல நான் கழுவிய தரையின் பரப்பளவு கூடிக்கொண்டே போகும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் சொன்னதைக் கேட்டவர்கள், நான் ஏரியையே துடைத்து உலர்த்திவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்கள். (பாயசம் பரிமாறியவர் என் இலைக்கு மட்டும் தள்ளி நின்று ஊற்றினார்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோ சான்றிதழோடு வந்து, ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லைன் லீடர் ஆகிவிட்டேன். பதினான்கு பெண்களுக்கு லீடர். மஞ்சள் தொப்பி. அந்தத் தொப்பியைப் போட்டால் நாட்டையே என்னிடம் ஒப்படைத்துவிட்டதாக ஒரு நினைப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கும்போதும் அந்த நினைப்பு இறங்காது. "ஏட்டி, பக்கெட்ட அது இடத்துல வையி" என்று நான் அதட்டுவதைக் கேட்டு, அறைத்தோழி பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் தென்காசிக்காரி. என் லைனில்தான் வேலை. ஷிப்டு முடிந்தாலும் பாவம், என்னிடமிருந்து அவளுக்கு விடுதலை கிடையாது.

எங்கள் அறை, வசந்தா அக்கா வீட்டுக்குப் பின்னால் தகர ஷீட் போட்டது. முன்னால் இருந்த ஓட்டு வீடு அக்காவுடையது. மண் சுவர், அவள் மாமனார் காலத்துக் கட்டடம். அக்கா, சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் கோபால் அண்ணன், ஏழாவது படிக்கும் மகள் தேவி என்று மூன்று பேர். எங்களை வாடகைக்காரர்களாக மட்டும் வைத்துக்கொள்ள அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கு அம்மை போட்டிருந்த நாளெல்லாம் வேப்பிலை ஒடித்துவந்து படுக்கையில் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். பதிலுக்கு அவளுக்கு ஒரு பெரிய நன்மை செய்துவிட வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். (அந்த நாள் வந்தது. அக்காவுக்கு அம்மை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.)

மேலே போவதற்கு முன் ஆடிட் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கார் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். அதுதான் ஆடிட். "நாளைக்கு ஆடிட்" என்று மேனேஜர் சொன்ன நிமிடத்திலிருந்து எங்களுக்குச் சோறு தண்ணீர் இறங்காது. தரையைத் தேய்ப்போம். மஞ்சள் கோடுகளுக்கு மறுபடி பெயின்ட் அடிப்போம். கழித்துப் போட்ட ஒயர்களை மூட்டை கட்டிக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்புவோம். சுவரில் ஈரம் கசிந்தால் அதன் மேல் தர உறுதிமொழிப் பலகையை மாட்டிவிடுவோம். பார்க்க வருகிறவர் கண்ணில் ஒரு குறையும் படக்கூடாது. பட்டால் எழுதிவிடுவார். எழுதிவிட்டால் போச்சு.

இன்னொரு சடங்கும் உண்டு. சுத்தம் செய்வதற்கு முன் ஒரு போட்டோ, செய்த பின் ஒரு போட்டோ எடுத்து அருகருகே ஒட்ட வேண்டும். அவசரத்தில் 'முன்' போட்டோவை எப்போதும் மறந்துவிடுவோம். அதற்கும் வழி வைத்திருந்தோம். சுத்தம் செய்த இடத்தை மறுபடி கலைத்துப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் தெளித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் சுத்தம் செய்வோம். இந்த வித்தையில் என் லைனை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேறு கொடுத்தார்கள்.

அந்த வருடம் புயல் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலையில் ஏரி கலங்கல் வழிந்து தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. நாங்கள் துணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது எனக்கு மார் வரை தண்ணீர். தேவியைக் கோபால் அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டார். எல்லாரையும் மேட்டிலிருந்த அரசுப் பள்ளியில் கொண்டுபோய்த் தங்க வைத்தார்கள். எங்களுக்கு நான்காம் வகுப்பு அறை. கரும்பலகையில் 'வருகை முப்பத்தொன்று' என்று எழுதியிருந்தது. நாங்கள் அதைவிட அதிகம். சாம்பார் சாதமும் பாயும் கொடுத்தார்கள். மூன்று நாள் அங்கேதான்.

அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சுவரு இன்னா ஆச்சோ தெர்ல முத்து. மண்ணு சுவரு. ஊறினா நிக்குமா?" என்று என்னிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். கான்கிரீட் வீட்டுக்காக அவள் எழுதிப் போட்ட மனுக்களெல்லாம் 'வீடு குடியிருக்கத் தகுதியாக உள்ளது' என்று திரும்பி வந்திருந்தன. இந்தத் தடவை, வெள்ளத்தில் வீடு சேதமான குடும்பங்களுக்கு நிவாரணமும் புது வீடு கட்ட உதவியும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். லிஸ்ட்டில் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த லிஸ்ட்தான் அக்காவுக்கு மூன்று நாளும் மூச்சு.

தண்ணீர் வடிந்த அன்று சாயங்காலம் ஏழுமலை அண்ணன் வந்தார். கிராம உதவியாளர், ஊரில் தலையாரி என்பார்கள். பள்ளி மைதானத்தில் நின்று சத்தம் போட்டார்.

"நாளைக்கு வி.ஏ.ஓ. மேடம் வூடு வூடா வந்து பாக்கறாங்க! பாத்து எழுதிகினு சாயங்காலமே தாலுகா ஆபீசுக்கு லிஸ்ட்டு போயிடும். அப்பால எங்கிட்ட வந்து சண்ட போடாதீங்க, சொல்லிட்டேன்!"

மறுநாள் காலையில் அக்காவும் அண்ணனும் தேவியும் ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினார்கள். ரேஷன் கார்டு ஊறிக் கூழாகிவிட்டது. இ-சேவை மையத்தில் நகல் வாங்க வேண்டும்.

"மேடம் முன்னாடியே வந்துட்டாங்கன்னா நீ வூட்டாண்ட இரு முத்து. கூட நின்னு எல்லாத்தையும் காட்டு" என்றாள் அக்கா.

"நீங்க கவலப்படாமப் போங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே அதிகச் சேதம் செய்தது இதுதான்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மாடி! கணுக்கால் வரை சேறு. உப்பிப் போன அரிசி மூட்டை. ஊறி இரண்டாள் கனத்துக்கு வந்துவிட்ட மெத்தை. குப்புறக் கிடந்த டி.வி. எல்லாச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. பின்சுவரில், தேவி படுக்கிற மூலையில், மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல். இதையெல்லாம் பார்த்து ஒரு சாதாரண மனுஷிக்கு என்ன தோன்றும்? 'ஐயோ பாவம்' என்று தோன்றும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'ஆபீசர் வருகிறார். இதைப் பார்த்தால் எழுதிவிடுவாரே!'

எழுதத்தான் வருகிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூன்று வருடப் பழக்கம் மூளையை எங்கேயோ தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றுகொண்டது. வீடு பளிச்சென்று இருந்தால் 'பொறுப்பான குடும்பம்' என்று நல்ல மார்க் போடுவார்கள், நல்ல மார்க் வாங்கியவர்களுக்கு முதல் உதவி என்று நானாகவே ஒரு அரசாணை போட்டுக்கொண்டேன். இதில் அக்காவுக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கிற சந்தோஷம் வேறு.

பேச்சி மட்டும் ஒரு தடவை கேட்டாள். "ஏட்டி, வெள்ளம் வந்த வீடு. அழுக்காத்தானட்டி இருக்கும்?"

"ஆடிட் வாரப்போ மெஷின்ல எண்ணெ ஒழுகுனா, 'பழைய மெஷின் சார், ஒழுகத்தான் செய்யும்'னு சொல்லுவியா? தொடச்சிட்டுல்லா நிப்ப?" என்றேன்.

அவள் விளக்குமாறை எடுத்துக்கொண்டாள். லீடர் ஆயிற்றே. (இன்றைக்கும் அவள் இதைச் சொல்லிக் காட்டுகிறாள். "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்பதுதான் அவள் எனக்குப் போடும் பிறந்தநாள் வாழ்த்து.)

மேட்டுப் பக்கம் ஹாஸ்டலிலிருந்து என் லைன் பெண்கள் ஆறு பேரைப் போன் போட்டு வரவழைத்தேன். கம்பெனி லீவு, சும்மா இருந்தார்கள். ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுத்தேன். இருவர் சேறு வழித்தார்கள். இருவர் பினாயில் ஊற்றித் தேய்த்தார்கள். பஞ்சாயத்து டிராக்டர் குப்பை அள்ள வந்தது. மெத்தை, அரிசி மூட்டை, டி.வி., மிக்ஸி, தேவியின் புத்தகங்கள், உப்பிப் பிளந்த மர பீரோ எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன். டிராக்டர்காரர், "பார்த்துதான் போடறீங்களாம்மா?" என்றுகூடக் கேட்டார். "சீக்கிரம் எடுங்கண்ணே, ஆபீசர் வந்துருவாக" என்று விரட்டினேன்.

ஹார்டுவேர் கடைக்காரரை எழுப்பாத குறையாகக் கடை திறக்க வைத்து, சுண்ணாம்பு வாங்கிவந்து சுவருக்கெல்லாம் அடித்தோம். பழுப்புக் கோடு மறைந்தது. பின்சுவர் விரிசலில் மண்ணைக் குழைத்து அடைத்து, தேய்த்து, அதற்கும் மேலே இரண்டு பூச்சு கொடுத்தேன். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. அதை நான் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து ரசித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊதுவத்தி ஏற்றினோம். வாசல் தெளித்துப் பேச்சி ஒரு சிக்குக் கோலம் போட்டாள்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு, "முன் போட்டோ நீ எடுத்தியாட்டி?" என்று கேட்டாள். வழக்கம்போல யாரும் எடுக்கவில்லை.

ஒரு மணி சுமாருக்கு அக்கா வந்தாள். வாசலில் நின்றாள். ஒரு எட்டுப் பின்னால் போய், பக்கத்து வீட்டைப் பார்த்து, இது தன் வீடுதான் என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தாள். நாங்கள் எட்டுப் பேரும் வரிசையாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாராட்டுக்குத் தயாராக நின்றோம்.

"இன்னாடி முத்து இது?" என்றாள்.

"பாருங்கக்கா. ஒரு பொட்டுச் சேறு காட்டுங்க பாப்போம்."

"மெத்த எங்க?"

"டிராக்டர்ல போயிட்டுக்கா."

"டி.வி.?"

"அதுவும்தான்."

"தண்ணி நின்ன கோடு இருந்துச்சே சுவத்துல?"

"ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கோம்க்கா" என்றேன் பெருமையாக.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி" என்றாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். கோபமே இல்லை. "அந்தம்மா சேதத்ததாண்டி பாக்க வருது. பாத்தாதாண்டி எழுதும். இப்ப வந்து இன்னாத்த பாக்கும்? கோலத்தையா?"

ஆமாம், இவ்வளவு நேரமும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அப்போதுதான் தெரிந்தது. கோபால் அண்ணன் டிராக்டரைத் தேடிக் குப்பைமேட்டுக்கு ஓடினார். தேவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முனையில் ஏழுமலை அண்ணன் குரல் கேட்டது. மேடம் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டாராம்.

இந்த இடத்தில் நான் அக்கா காலில் விழுந்து, நடந்ததைப் போய் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மஞ்சள் தொப்பி மூளை வேறு ஒன்று சொன்னது. 'முன்' போட்டோ இல்லையா? செய்து காட்டு!

"எல்லாரும் பக்கெட்ட எடுங்கட்டி" என்றேன்.

காலையில் வாரிக் கொட்டிய சேற்றையே கால்வாயோரத்திலிருந்து திரும்ப அள்ளிவந்து வீடு முழுக்க ஊற்றினோம். சுவரில் கோடு வேண்டுமே? முனையிலிருந்த டீக்கடையில் ஒரு சட்டி டிகாக்‌ஷன் வாங்கிவந்தேன். எந்த உயரத்துக்கு? காலையில் நானே மறைத்த கோடு எங்கே இருந்தது என்பது அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டது. தெருவில் எனக்கு மார் வரை தண்ணீர் வந்தது ஞாபகம் இருந்தது. வீட்டுக்குள் நின்று அதே மார் உயரத்தை அளந்தேன். வீட்டுத்தரை தெருவைவிட மூன்று படி உயரம் என்பது ஞாபகம் வரவில்லை. கோணலாக வரக்கூடாது என்று, தொழிற்சாலையில் கோடு போடுகிற மாதிரி ஒட்டு டேப் ஒட்டி, நாலு சுவரிலும் பிசிறில்லாமல் இழுத்தேன். அவ்வளவு நேரான வெள்ளக் கோடு தமிழ்நாட்டில் வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்காது.

கோபால் அண்ணன் ஒரு மினி வேனில் வந்து இறங்கினார். மெத்தை கிடைக்கவில்லை, டி.வி. கிடைக்கவில்லை. "கைல கெடைச்சத எடுத்தாந்தேன்" என்று ஒரு சோபாவை இறக்கினார். சிவப்பு வெல்வெட் சோபா. எந்த பங்களாவில் மிதந்து வந்ததோ!

மூன்றரை மணிக்கு வி.ஏ.ஓ. மேடம் வந்தார். குள்ளமான உருவம், வாடிப்போன முகம். சேலையைத் தூக்கிச் செருகி, ரப்பர் செருப்பு போட்டிருந்தார். ரிஜிஸ்தரைப் பாலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். இன்னொரு கையில் குடை. என் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார்.

"ஏழுமல, இங்க பாரு. சேறு இருக்கு. சேத்துக்கு அடியில கோலம் இருக்கு."

"ஆமா மேடம். சிக்குக் கோலம்" என்றார் ஏழுமலை அண்ணன் பொறுப்பாக.

மேடம் உள்ளே வந்தார். மூக்கை உறிஞ்சினார். சேற்றிலிருந்து பினாயிலும் ஊதுவத்தியும் மணந்தன. சுவர்க் கோட்டை விரலால் தொட்டார். ஈரம். முகர்ந்து பார்த்தார். "டீயா?" என்றார்.

"பக்கத்து வீட்ல இடுப்புக்குத் தண்ணி. எதிர் வீட்லயும் இடுப்புக்குத்தான். இங்க மட்டும் மாருக்கு. உங்க வீட்டுக்கு வந்து தண்ணி எழுந்து நின்னுச்சாம்மா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மேடம் சோபாப் பக்கம் திரும்பினார்.

"இந்த சோபா யாருது?"

"எங்களுது இல்ல மேடம்" என்றாள் தேவி. (தேவி பொய்யே பேசாத பிள்ளை. அன்றைக்கா அதைக் காட்ட வேண்டும்!)

மேடம் ரிஜிஸ்தரைப் பையிலிருந்து எடுத்தார். "இப்படித்தாம்மா நெஜமா போனவங்களுக்குக் கெடைக்காமப் போவுது. பொய்யா எழுதினேன்னா நாளைக்கு என் வேல போயிடும். இந்த வீட்டுக்குச் சேதமில்லைன்னுதான் என்னால எழுத முடியும்."

"மேடம், எம் பொண்ணு மேல சத்தியமா தண்ணி வந்துச்சி மேடம்" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புருஷன் ஆட்டோ வெள்ளத்தில் முழுகிக் கிடந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. முன்னால் போய் நின்று கடகடவென்று கொட்டிவிட்டேன். "மேடம், அக்கா மேல தப்பே இல்ல மேடம். அவுக ஊர்லயே இல்ல. கிளீன் பண்ணினது நாங்க. திரும்ப அழுக்காக்கினதும் நாங்க. நடுவுல வந்த வெள்ளம் மட்டும் நெசம் மேடம்!"

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொன்னத எழுத முடியாதும்மா. கண்ணால பாக்கணும்" என்றார். பேனா மூடியைக் கழற்றினார். அக்கா பெயருக்கு நேராகப் பேனா போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

அப்போது பின்சுவரிலிருந்து சுண்ணாம்பு ஒரு அப்பளம் அளவுக்குப் பெயர்ந்து சேற்றில் விழுந்தது. மூன்று நாள் ஊறிய மண்சுவரில் அடித்த சுண்ணாம்பு நிற்குமா? பக்கத்தில் இன்னொரு வில்லை உப்பி விழுந்தது. பிறகு ஒரு முழம் நீளத்துக்குப் பட்டையாக உரிந்து இறங்கியது. அதற்கடியில், சரியாக இடுப்பு உயரத்தில், நிஜமான பழுப்புக் கோடு தெரிந்தது. கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் மங்கலாக. என் டேப் கோட்டுக்கு முன்னால் அது எவ்வளவு யோக்கியமாக இருந்தது!

ஏழுமலை அண்ணன் பக்கத்தில் போய்ச் சுவரைத் தொட்டார். நான் அடைத்த மண் பொலபொலவென்று கொட்டியது. மேடம் குடை நுனியை அந்த விரிசலில் வைத்து மெதுவாகத் தள்ளினார். குடை போய்க்கொண்டே இருந்தது.

"குடை இங்கன வெளிய வருதுக்கா!" என்று கொல்லையில் நின்ற பேச்சி கத்தினாள்.

மேடம் முகம் மாறிவிட்டது. கீழே பார்த்தார். "இந்த மூலையில யாரு படுக்கறது?"

"நான்தான் மேடம்" என்றாள் தேவி.

"எல்லாரும் வெளிய வாங்க. எதையும் எடுக்காதீங்க. மொதல்ல வெளிய வாங்க."

தெருவில் வந்து நின்றதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "உங்க கம்பெனியில விரிசல் விட்டா இப்படித்தான் மூடி வைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். உண்மையான பதில், ஆமாம். "இந்தச் சுண்ணாம்பு இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா நான் சேதமில்லைன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். இவங்க சேத்த கழுவிட்டு இங்கயே வந்து படுத்திருப்பாங்க. அந்தப் பொண்ணு அந்த மூலையில படுத்திருக்கும்."

அதுவரை எனக்கு லிஸ்ட் மட்டும்தான் பயம். அதற்குப் பிறகு தேவியை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா நிவாரணத்தை இழந்திருப்பாள் என்பதல்ல. அந்த விரிசலை நான் ரசித்து ரசித்து மூடியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில், சின்னத் தூறலுக்கே அந்தச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. மேடம் வெளியேற்றிய நாளிலிருந்து எல்லாரும் மறுபடி பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம். ஓடிப்போய்ப் பார்த்தோம். தேவி படுக்கிற மூலையில் ஒரு ஆள் உயரத்துக்கு மண். நான் தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரி அழவில்லை, வாடகைக்காரி அழுகிறாள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது.

அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "இன்னாத்துக்குடி அழுவுற? வூடுதான போச்சி. பொண்ணு கீறா இல்ல? எழுந்திரு, மூக்க தொட."

லிஸ்ட்டில் அக்கா பெயர் வந்தது. முழுச் சேதம். நிவாரணமும் வந்தது; வீடு கட்ட உதவியும் வந்தது. உத்தரவின் நகலில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் மேடம் தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: 'சுவர் விரிசல் வெள்ளையடித்து மறைக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் செயல் அன்று. குடியிருக்கும் பெண்ணின் ஆர்வக் கோளாறு.' அரசாங்கம் என்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஒரே வரி அதுதான். அக்கா அதை லேமினேட் செய்து, புது வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தேவி அதை உரக்கப் படித்துக் காட்டினாள். (சிவப்பு சோபாவுக்கு உரிமை கோரி இன்றுவரை யாரும் வரவில்லை. அதில் உட்கார்ந்துதான் கேட்டார்கள்.)

நான் இப்போது கல்யாணமாகி மறைமலை நகரில் இருக்கிறேன். வேறு கம்பெனி. வேடிக்கையைப் பாருங்கள், இப்போது நான்தான் ஆடிட்டுக்குப் போகிறவள். போகிற இடத்தில் தரை பளபளவென்று மின்னினால் நான் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கிறேன். புதிதாக மாட்டிய பலகையைக் கண்டால் தூக்கிப் பின்னால் பார்க்காமல் நகர மாட்டேன். "மேடம் ரொம்ப சந்தேகப் பேர்வழி" என்று பெயர் வாங்கிவிட்டேன்.

போன மழைக்கும் அந்தத் தெருவில் தண்ணீர் வந்தது. அக்காவின் புது வீடு உயரம். இரண்டு படியோடு நின்றுவிட்டது. வடிந்த மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"தெருவ பாக்க ஆபீசரு வராராம் முத்து."

"நான் வரட்டுமாக்கா?" என்றேன், கொஞ்சம் தயக்கமாக.

"வா. வராம எங்க போவ?"

போனேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். அதில் உட்கார வைத்து, என் இரண்டு கைகளையும் எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, "அசையாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். படியெல்லாம் சேறு. பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. ஒன்றரை மணி நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். புது ஆபீசர் வந்தார். இளைஞர். படியைப் பார்த்து எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவங்க யாரும்மா? உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள் அக்கா. "எங்க பெரிய பொண்ணு. நீங்க எழுதி முடிச்சிட்டுப் போற வரைக்கும் அவள இப்படித்தான் உக்கார வைக்கணும்."